பாதி நாவலுக்கு ஐந்து நட்சத்திரம்

வல்லத்து வெண்மதி ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். செஞ்சியில் நான் நடத்தும் வாசகர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாயாஜால நாவலைப் பற்றி எழுதியிருந்தாள்: “மந்திரக் கோட்டைக்குப் போகும் தோழிகள் இரண்டு பேரையும் ரொம்பப் பிடிச்சிருக்கு. பாதிதான் படிச்சேன். அஞ்சு ஸ்டார்.”

அரைகுறையாகப் படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்த நாவலை இரண்டு முறை படித்தவன் நான். “முழுசா படிச்சிட்டு எழுதும்மா” என்று குழுவிலேயே போட்டேன். பத்துப் பேர் சிரித்து வைத்தார்கள்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

“கம்பெனி பஸ்ல படிக்க நானும் என்கூடத் தைக்கிற ரஞ்சனியும் அந்த புக்கை ரெண்டா கிழிச்சிக்கினோம் சார். முன்பாதிய அவ முடிச்சிட்டு எனக்குக் குடுத்தா. பின்பாதி அவகிட்ட இருந்துச்சி. காய்ச்சல்னு லீவு கேட்டா, தரல. மூணாம் நாள் மெஷின் மேலயே சாஞ்சிட்டா. அவங்க அம்மா அந்தப் பாதிய அவகூடவே வச்சிப் பொதச்சிட்டாங்க.”

“என் புக்கைத் தர்றேன், வாங்கிக்கம்மா” என்றேன்.

“வேணாம் சார். கடைசில ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

“நானும் பாதிதாம்மா படிச்சிருக்கேன்” என்றேன்.