என் ஜாயிண்ட் ஒழுகவில்லை

பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறேன், என் ஜாயிண்ட் ஒழுகவில்லை. கேட்கத்தான் ஆளில்லை. பைப் ஃபிட்டர் என்று கூப்பிட்டவர்களெல்லாம் என்னை இப்போது ‘ஒழுகல்’ என்கிறார்கள். அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவர் என் அக்கா புருஷன்.

மச்சான் படித்தவர். கட்டடங்களுக்குக் குளிரும் சூடும் எப்படிப் போகவேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவர் தொழில். காற்றை ஊதித் தள்ளும் மெஷின் அவருக்கு ஆகாது, சந்தைக்கடை இரைச்சல் என்பார். அவர் வரைந்தால் கூரையில் நீளநீளமாகப் பெட்டி தொங்கும், உள்ளே குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடும். மேலே ஏறும் சூடான காற்று அதில் பட்டுக் குளிர்ந்து தானாக இறங்கும். சத்தமே வராது. சில்டு பீம் என்று பேர். தண்ணீர் பதினாறு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது. இந்த இரண்டும்தான் அவருக்கு வேதம். சொந்த வீட்டில் அக்கா அடுப்படிச் சூட்டில் வெந்துகொண்டிருந்தாலும் ஜன்னல் திறக்காது. “அவர் சொன்னா காரணம் இருக்கும்டா” என்பாள்.

யார் வீட்டுக்குப் போனாலும் கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் கேட்பார். குடிக்க மாட்டார். டம்ளர் வெளியே வியர்த்ததும் விரலால் வழித்துக் காட்டுவார்.

“டம்ளர் ஓட்டையா? இல்லையே. காத்துல இருந்த தண்ணி. சில்லுனு பட்டதும் ஒட்டிக்குது.”

என் ஏழாங்கிளாஸ் மண்டைக்கே அது ஏறிவிட்டது.

ஒரு நூலகம். அவர் வரைந்தார், நான் குழாய் போட்டேன். மூன்று நாள் அழுத்தம் ஏற்றி வைத்துப் பார்த்தேன், மீட்டர் முள் அசையவில்லை. திறப்பு நாளன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. கூட்டம் வருகிறதென்று கதவு ஜன்னலையெல்லாம் விரியத் திறந்துவிட்டார்கள். புழுக்கத்தில் பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள்.

“தண்ணிய பன்னெண்டுக்கு இறக்கு” என்றார் மச்சான்.

“ஜன்னல் திறந்திருக்கே...”

“இறக்குடா.”

இறக்கினேன். அரைமணியில் முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலையில் சொட்டு விழுந்தது. ஏணி போட்டு ஏறித் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் குழாய் நெடுகத் தண்ணீர் பூத்தது. ஜாயிண்டில் கசிவே இல்லை.

“மச்சான், டம்ளர்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அத்தனை பேர் முன்னால் சிரித்தார். “ஏழாங்கிளாஸ் எனக்குப் பாடம் எடுக்குது! ஒரு ஜாயிண்ட் ஒழுங்காப் போடத் தெரியல. பொண்டாட்டி தம்பியாச்சேன்னு வேலை குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

அதற்குப் பிறகு கக்கூஸ் குழாய்தான் எனக்கு. “அவரத் தலைகுனிய வச்சிட்டியேடா” என்ற அக்கா என் வீட்டுப் படி ஏறவில்லை.

போன மாதம் அவளே போன் செய்தாள். மச்சானுக்கு நுரையீரல் போய்விட்டது. ஆஸ்பத்திரி அறையில் நுழைந்து கூரையைப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. அவர் வரைந்த பீம், கட்டிலுக்கு நேர் மேலே.

எலும்பும் தோலுமாகக் கிடந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. போவதற்குள் அக்கா காதுபட ஒரு வார்த்தை சொல்லட்டும், அவ்வளவுதான். தினமும் போய் உட்கார்ந்து, “என்ன மச்சான், ஜாயிண்ட் எப்படி?” என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொள்வார்.

“இப்பவுமாடா?” என்பாள் அக்கா.

ஒரு மதியம் அவள் மாத்திரை வாங்கக் கீழே போனாள்.

“மாப்ள, மூச்சு முட்டுது. ஜன்னலத் திற.”

“யாரு, நீங்களா சொல்றது?”

“திறடா.”

திறக்க முடியாதபடி திருகாணி போட்டிருந்தது, அதுவும் அவர் உத்தரவுதான். பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் கழற்றித் திறந்தேன். ஈரக்காற்று உள்ளே வந்தது. கால்மணியில் பீம் வியர்த்து, அவர் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது மூக்கில். நான் கட்டிலை நகர்த்தவில்லை.

விரலால் வழித்துப் பார்த்தார், டம்ளரை வழிப்பது போலவே.

“உன் ஜாயிண்ட் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“இத அக்காகிட்ட சொல்லுங்க.”

வராந்தாவில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

“ஜன்னலச் சாத்து. அவ வர்றதுக்குள்ள இதத் துடைச்சிடு.”