துத்தம் கலக்காத பசை

செந்தூல் ரயில் பட்டறையில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்த காலம். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. ஒரு பிள்ளை சில நாள் வரவில்லையே என்று வீட்டுக்குத் தேடிப்போனால், அங்கே வேறு யாராவது குடியிருப்பார்கள். பிழைக்க வந்த நாட்டை விட்டுச் சொந்த ஊருக்கே கப்பலேறிவிட்டதாகப் பக்கத்து வீட்டார் சொல்வார்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு சாமான் கடையின் மாடியில் தமிழ் வாசகசாலை ஒன்று இருந்தது. முன்பெல்லாம் மாலையில் குமாஸ்தாக்கள் நாலைந்து பேர்தான் வருவார்கள். இப்போது காலையிலேயே கூடம் நிறைந்துவிட்டது. வேலை போன ஆண்கள் ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்துக் கைமாற்றிப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களும் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் இருந்தால் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவர்களோடு வந்த பிள்ளைகள் மாடிப்படியில் காத்துக் கிடந்தன.

வாசகசாலையின் செயலாளர் ரயில்வே கணக்குப் பிரிவில் குமாஸ்தா. கிறிஸ்துமஸுக்கு எங்கள் பள்ளியில் நான் காகிதத்தில் ஒரு சின்னக் கிராமம் செய்து வைத்திருந்ததை அவர் பார்த்திருந்தார். அந்த மாதிரி வீடு செய்ய இந்தப் பிள்ளைகளுக்கும், விரும்பினால் பெரியவர்களுக்கும், ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். எதையாவது செய்துகொண்டிருந்தால் மனிதனுக்குக் கொஞ்சம் தேவலை என்பது அவருடைய எண்ணம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வாசகசாலைக் கமிட்டியில் ஒருவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. கீழே சாமான் கடை வைத்திருந்தவர் அவர். மாடியை வாடகையில்லாமல் வாசகசாலைக்கு விட்டிருந்ததால் அவர் பேச்சுக்கு எடை அதிகம்.

"வயித்துக்கு வழியில்லாதவனுக்குக் காகித வீடு எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார்.

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். செயலாளர் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுமதி வாங்கிவிட்டார்.

அதன் பிறகு நானும் செயலாளரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். முதல் முறை கத்திரிக்கோல் பிடிப்பவர் ஒரே உட்காரலில் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அரைகுறையாக விட்டுப் போனால் மறுபடி வரமாட்டார்கள். முதலில் முன்தாழ்வாரமும் தூண்களும் வைத்து வரைந்தேன். எனக்கே அதை ஒட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. தூண்களை எடுத்தேன், பிறகு தாழ்வாரத்தை எடுத்தேன். கடைசியில் நான்கு சுவரும் ஒரு கூரையும் மிஞ்சின. எல்லாம் ஒரே தாளில். ஓரங்களில் ஒட்டுவதற்கு மடிப்பு. தாளுக்குச் செயலாளர் வழி கண்டுபிடித்தார். அவருடைய அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய வரைபடத் தாள்களை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வந்தார். கெட்டியான தாள், ஒரு பக்கம் முழுக்கக் கோடு, மறுபக்கம் வெள்ளை.

பசைதான் வாக்குவாதமாயிற்று. புத்தகம் கட்டுபவர்கள் செய்வதுபோல மரவள்ளி மாவைக் காய்ச்சி அதில் துத்தம் கலக்க வேண்டும் என்றார் செயலாளர். துத்தம் விஷம், அது இருந்தால் கரப்பான் அண்டாது. புத்தகங்கள் உள்ள இடத்தில் வெறும் மாவுப் பசையை வைக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். துத்தத்தை வாங்கிப் பொட்டலமாக அலமாரியின் மேல் வைத்தும்விட்டார். முதலில் ஒத்திகையாக வைக்கும் சோதனை வகுப்புக்குக் கொஞ்சம் பசைதானே, அன்றே தீர்ந்துவிடும், அதற்கு வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் அரைமனதாகச் சம்மதித்தார்.

சோதனைக்கு ஒரு தகப்பனையும் மகளையும் அழைத்திருந்தோம். அவர் பட்டறையில் சம்மட்டி அடித்தவர். வேலை போனதிலிருந்து, செந்தூலிலிருந்து ரயில் பாதையோரமாகவே நடந்து வாசகசாலைக்கு வருவார். மகளுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேசைமேல் தாளை விரித்து, கோட்டில் ஊசியால் கீறி மடிப்பது எப்படி என்று காட்டினேன். அவருடைய விரல்களுக்குத் தாள் அடங்கவில்லை. இரண்டு இடத்தில் கிழித்துவிட்டு, தன் கையையே சலிப்போடு பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் சுத்தமாக வெட்டினாள், நேராக மடித்தாள். ஆனால் சுவர்கள் ஒட்டவேயில்லை. கொட்டாங்கச்சியில் வைத்த பசையும் காணவில்லை.

நான் இன்னும் கொஞ்சம் வைத்தேன். அவள் ஒரு விரலில் எடுத்தாள், மடிப்பில் தொட்டாள், விரலை வாயில் வைத்துக்கொண்டாள். ஒளித்துச் செய்யவில்லை. நான் பார்ப்பதைக் கண்டு, "உப்புதான் இல்ல" என்றாள்.

தகப்பன் அவள் கையைப் பிடித்துத் தன் சட்டையில் துடைத்தார். அடிக்கவில்லை, அதட்டவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். வெளையாட்டுப் புள்ள" என்றார். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புறப்படும்போது, வகுப்பு தொடங்கும் நாளைச் சொன்னேன். கட்டாயம் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

செயலாளர் அலமாரியின் மேலிருந்த துத்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், வகுப்புக்கு முன் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றலாம் என்று நான் சொன்னேன். கஞ்சி ஊற்றக் கோயில் இருக்கிறது, மாதா கோயிலும் இருக்கிறது, இது படிக்கிற இடம் என்றார் கடைக்காரர். ஒரு நாள் ஊற்றினால் மறுநாள் செந்தூலே படியேறி வரும், எத்தனை பேரைத் திருப்பி அனுப்புவீர்கள் என்றும் கேட்டார். கஞ்சி வேண்டாம் என்றே முடிவாயிற்று. வெளியே வந்ததும் செயலாளர் என்னிடம் சொன்னார்:

"பசை காய்ச்ச வேண்டாம்னு யாரும் சொல்லலியே டீச்சர். ரெண்டு பானையா காய்ச்சுவோம்."

வகுப்பு நாளன்று என் அக்கா விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றாள். ஒரு பானையில் மாவுப் பசை. மற்றதில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி. இரண்டையும் ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுபோய் மாடியேற்றினோம். நாங்கள் நினைத்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் குடித்து முடித்து, கையைத் துடைத்து, தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் சம்மட்டிக்காரர் வந்தார். தனியாக வந்தார்.

மகள் எங்கே என்று கேட்டேன்.

"போயிருச்சு டீச்சர்" என்றார்.

எங்கே போனாள் என்று நான் கேட்டுவிட்டேன். போன வாரம் காய்ச்சல் வந்ததாம். குளிர்காய்ச்சல், விட்டு விட்டு வந்ததாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது காய்ச்சலைத் தாங்க உடம்பில் சத்தே இல்லை என்று டாக்டர் சொன்னாராம். செந்தூல் சுடுகாட்டிலேயே புதைத்துவிட்டார்கள். அவரும் மனைவியும் கைக்குழந்தையும் அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறார்கள்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் துக்கத்துக்கு முன்னால் எனக்குள் வந்தது வேறொன்று. அந்தப் பசையில் துத்தம் இல்லை, நல்லவேளை துத்தம் இல்லை என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு பிள்ளை இறந்த செய்தியைக் கேட்டு நிம்மதியடைந்தவளாக அவர் முன்னால் நின்றேன்.

"இன்னிக்கு நீங்க ஏன் வந்தீங்க? வீட்டுல இருந்திருக்கலாமே" என்றேன்.

"வரேன்னு சொல்லியிருந்தேன்ல."

செயலாளர் அவருக்கு ஒரு குவளை கஞ்சி கொண்டுவந்து நீட்டினார். அவர் அதை வாங்கிப் பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளையிடம் தள்ளிவிட்டு, ஒரு தாளை எடுத்து விரித்தார். இந்த முறை கிழியாமல் வெட்டினார். ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காயும்வரை அசையாமல் இருந்தார். பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டும் ஒன்றின் வீட்டை மற்றொன்று பிடுங்கிக்கொண்டும் இருந்தன. அவருக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

நடுவில் கடைக்காரர் மேலே வந்தார். கஞ்சிப் பானையைப் பார்த்தார். எல்லோரும் போகும்வரை வாசலில் நின்றுவிட்டு, வகுப்பை நடத்துங்கள், ஆனால் இனிமேல் பானை மேலே வரக் கூடாது என்று அடங்கிய குரலில் சொன்னார். தன் கடையில் கடன் சொல்லி நிற்பவர்களுக்கே தன்னால் அரிசி அளக்க முடியவில்லை என்றும் சொன்னார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

கஞ்சி நின்றதும் பிள்ளைகள் குறைந்தன. குறைந்தது கஞ்சி நின்றதால் மட்டும் என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு வாரம் குடும்பங்கள் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. கடைசியாக நான் வகுப்பு எடுத்த நாளில் குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மட்டும் வந்தன. நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைகள். தூண் வைத்த வீடு வேண்டும் என்று கேட்டன. வரைந்து கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் செயலாளருக்கும் வேலை போயிற்று. வாசகசாலைக்குப் புதிதாக வந்த செயலாளர் மீதமிருந்த தாள்களைப் புத்தகங்களுக்கு அட்டை போட எடுத்துக்கொண்டார்.