அம்மி மேல் வைத்த லேப்டாப்

லேப்டாப் பழுது பார்க்கும் கடைக்கு வருகிற நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே காய்ச்சல்தான். கைவைத்தியம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

திருப்போரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கடையில் மெஷினைத் திறந்து பார்ப்பவள் தேவகி. கடையும் அவளுடையது. வருகிறவர் சொல்வதைக் கேட்டுச் சீட்டில் எழுதுவது என் வேலை. கூட்டுறவு அலுவலகத்தில் ஓய்வு பெற்று, பேச ஆளில்லாத வீட்டில் ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டு இந்த நாற்காலிக்கு வந்தேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவதில் புதிதாக ஒன்றும் இருக்காது. நமக்கு மட்டும் இப்படி இல்லை என்ற ஆறுதலுக்காகப் படியுங்கள்.

ஐஸ் பெட்டி

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் தன் அப்பா அந்தோணியோடு வந்தாள். பையைத் திறந்ததும் கடை முழுக்க மீன் வாடை. லேப்டாப் இருபது நிமிஷத்தில் கொதித்துத் தானாக அணைந்துவிடுகிறதாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு ஒரு கம்பெனி வேலைக்கான ஆன்லைன் தேர்வு, இரண்டு மணி நேரம். நடுவில் அணைந்தால் அதோடு முடிந்தது. போன தடவை அப்படித்தான் முடிந்தது. இது இரண்டாவது வாய்ப்பு, மூன்றாவது கிடையாது. வேறு மெஷின் இரவல் தரலாமென்றால், பதிவு செய்த மெஷினில்தான் எழுத வேண்டுமாம்.

தேவகி திறந்து பார்த்தாள். உள்ளே இருந்த சின்ன மின்விசிறி துருப்பிடித்திருந்தது. காற்று வரட்டும் என்று ஸ்டெல்லா இரண்டு வருஷமாகக் கடல் பார்த்த ஜன்னலில் வைத்துப் படித்திருக்கிறாள். கடற்காற்று தனியாக வருவதில்லை, உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. புது விசிறி சென்னையிலிருந்து சனிக்கிழமைதான் வரும்.

மீன் வாடைக்குக் காரணம் கேட்டேன். அந்தோணி மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைப்பவர். மகள் கையெல்லாம் சுடுகிறது என்றதும், மீன் வைக்கிற ஐஸ் பெட்டியின் மூடியில் லேப்டாப்பைத் தூக்கி வைத்திருக்கிறார். லேப்டாப்பின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. இனி அப்படிச் செய்யாதீர்கள் என்று தேவகி சொன்னதை அவரால் ஏற்க முடியவில்லை.

“மீனே இதுல நாலு நாளு கெடாம கீது. இது இன்னாமா, ரெண்டு மணி நேரம் தாங்காதா?”

பொங்காத மாவு

“நெஜமாவே இதோட சூட்டக் கொறைக்க முடியுமாக்கா?” என்று ஸ்டெல்லா தேவகியைக் கேட்டாள். தேவகி என்னைப் பார்த்தாள். தைரியம் சொல்ல வேண்டிய இடங்களில் அவள் என்னைத்தான் பார்ப்பாள். எனக்கும் அது வராது. அதனால் போன மார்கழியில் நடந்ததைச் சொன்னேன்.

நெம்மேலியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு பெண் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். தூசியை எடுத்து, சிப்பின் மேல் புதுப் பசை தடவி, ஜில்லென்று ஆக்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவள் மாமியார் மட்டும் வந்தார். லேப்டாப்பை ஈரத் தலையைச் சுற்றுவதுபோல் துண்டில் சுற்றியிருந்தார். குளிர் நாளில் மாவு பொங்குவதில்லை என்று, லேப்டாப் அனல் விடும் பக்கமாக மாவுப் பாத்திரத்தை வைத்து வந்திருக்கிறார். மருமகள் மீட்டிங்கில் பேசப் பேச, மாவு அது பாட்டுக்குப் பொங்கியிருக்கிறது. நாங்கள் கைவைத்த பிறகு எல்லாம் நின்றுபோயிற்று.

“நீ பாக்கறதுக்கு முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே சூடாக்கிக் குடு தாயி. மூணு நாளா இட்லி கல்லு மாதிரி கீது.”

வெயிலில் விளைந்தது

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லாவின் லேப்டாப் முப்பத்தைந்து நிமிஷம் தாங்கியது. தேவகி பழைய விசிறியைக் கழற்றித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தாள். விசிறி சுற்றியது, தொண்டையில் முள் சிக்கியவர் மூச்சுவிடுவதுபோல ஒரு சத்தத்தோடு சுற்றியது.

அப்போது மனை விற்கும் குமரவேல் வந்தார். அவருடைய லேப்டாப் மூட மாட்டேன் என்றது. அடிப்பக்கம் வயிறு உப்பியிருந்தது. பேட்டரி வீங்கிவிட்டது. தேவகி அவரை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல அதைக் கழற்றினாள். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். காரில். கார் எங்கே? சைட்டில், காலையிலிருந்து சாயங்காலம் வரை, கண்ணாடி ஏற்றி. அங்கே மரம் கிடையாதா? மனைக்காகத்தான் மரத்தை எடுத்தார்களாம். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் வெடித்துக்கூடப் போகலாம் என்றேன். அவர் யோசித்தார். யோசித்த மாதிரித்தான் தெரிந்தது.

“சைட்டு வருசம் முச்சூடும் வெயில்லதான் கீது மேடம். அது இன்னா கெட்டா போச்சு? வெலதான் ஏறுது.”

நின்றுபோன கல்யாணம்

புதன்கிழமை மேசை விசிறியையும் எதிரே வைத்துப் பார்த்தோம். ஐம்பது நிமிஷம். ஸ்டெல்லா கடையில் உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். திரை கறுத்தது. கறுத்த திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறை வைத்திருக்கும் ஏகாம்பரம் அதைக் கவனித்தார். வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். அவர் லேப்டாப்பைக் கவிழ்த்தால் கல் தூள் கொட்டும். எழுந்துபோய் ஸ்டெல்லாவின் மெஷினைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். “கல்லு மேல வைம்மா. கல்லு சூட்ட வாங்கிக்கும். நடு மத்தியானம் கோயில் உள்ள போயி தரையத் தொட்டுப் பாரு” என்றார். “அடியில காத்து போவ வழி வேணும்ணே, அடச்சிட்டா இன்னும் கொதிக்கும்” என்றாள் தேவகி. “வழிதானே? வெட்டிக்கலாம்” என்று நூலால் மெஷினின் அடிப்பக்கத் துளைகளை அளந்துகொண்டு போனார்.

வியாழக்கிழமை ஆட்டோவில் ஓர் அம்மியோடு வந்தார். அகலமான, வழவழப்பான அம்மி. அதன் மேல்பக்கத்தில் துளைகளுக்கு நேராக இரண்டு வாய்க்கால் வெட்டியிருந்தார். எவ்வளவு என்று கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். “மறைக்கக் கூடாது, சொல்லிடறேன். ஒரு கல்யாணத்துக்குன்னு செஞ்சது. பத்திரிகை அடிச்ச பொறவு நின்னுபோச்சு. நின்ன கல்யாணத்து அம்மிய எவனும் வாங்க மாட்டான். ராசியில்லாத கல்லும்மா.”

கடையில் எல்லோரும் ஸ்டெல்லாவைப் பார்த்தோம்.

“நான் இன்னா கல்யாணமா கேட்டேன்? ரெண்டு மணி நேரம் அணையாம இருந்தா போதும்ணே.”

வெள்ளிக்கிழமை

தேர்வுக்கு ஆள் நடமாட்டமில்லாத, சத்தமில்லாத அறை வேண்டும் என்பது விதி. என் வீட்டைக் கொடுத்தேன். அந்த இரண்டுக்கும் அங்கே குறைவில்லை.

அம்மியை இரவெல்லாம் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் ஈரம் போகத் துடைத்து மேசையில் ஏற்றினோம். பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே கூடத்தில். மெஷினுக்குள்ளிருந்து கண்காணிப்பாளர் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது கேட்டது. அந்தக் கல் என்ன என்றார். அம்மி சார் என்றாள். அம்மியா என்றார். பிறகு, அதன் அடியில் எதுவும் எழுதி ஒட்டியிருக்கிறதா, திருப்பிக் காட்டுங்கள் என்றார். தூக்க முடியாது சார் என்றாள். சரி, இருக்கட்டும் என்றார். பிறகு தேர்வு ஆரம்பித்தது.

லேப்டாப் விசிறியின் கரகரப்பு கதவு வழியாக வந்துகொண்டிருந்தது. வாசலில் அந்தோணி, வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வேண்டாம் என்று எத்தனை சொல்லியும் கொண்டுவந்திருந்தார். பதினொன்றரைக்குக் கரகரப்பு நின்றது. மெதுவாகத் தேய்ந்து, நின்றே போனது. விசிறி செத்துவிட்டது. அந்தோணி என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். வாழ்க்கையில் பல தடவை இப்படிச் சத்தம் நின்றுபோன அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே எதுவும் மிச்சம் இருக்காது என்பதுதான் என் அனுபவம்.

அப்புறம், டொக். ஒரு பொத்தான் சத்தம். இன்னொரு டொக். விசிறியில்லாமலே அரை மணி நேரம் அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டுக்குக் கதவு திறந்தது. “முடிச்சிட்டேன்” என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

வேலை உத்தரவு ஆடியில் வந்தது. தேர்வுக்கு மறுநாள் வந்த புது விசிறியைத் தேவகி மாட்டிக் கொடுத்திருந்தாள். அம்மி என் கூடத்திலேயே தங்கிவிட்டது; அரைக்க உதவாது, திருப்பிக் கொண்டுபோக ஏகாம்பரத்துக்கு மனமில்லை. ஆனால் எனக்கு நினைவிருப்பது அந்தப் பன்னிரண்டு மணிதான். அந்தோணி உள்ளே போய் லேப்டாப்பைத் தூக்கிவிட்டு, அம்மியில் உள்ளங்கையை வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டவர்போலக் கையை வெடுக்கென்று எடுத்தார்.

“அடேங்கப்பா, இம்மாஞ் சூட்டையும் வாங்கிக்கினு கம்முனு கீது பாரு!”

ஆக, சூடு எங்கேயும் போய்விடுவதில்லை, பக்கத்தில் சும்மா இருப்பவர் யாரோ வாங்கிக்கொள்கிறார், எங்கள் கடையில் அது பெரும்பாலும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்.