மூங்கில் துளைக்குள் போன இலைத்துண்டுகள்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காக மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த நாட்கள் அவை. கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிய என் பேருந்து கல்வராயன் மலை அடிவாரத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்த டீக்கடையின் கூரை மூங்கில் துளைக்குள், ஒரு தேனீ வட்டமாக நறுக்கிய இலைத்துண்டுகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

வயிற்றின் அடியில் மகரந்தம் அப்பியிருந்ததால், இலைவெட்டித் தேனீ, அதுவும் பெண் என்று தெரிந்தது. எந்த இனம் என்று அறியத் தாடைப் பற்களை எண்ண வேண்டும். பூச்சி சேகரிக்க எப்போதும் கையில் வைத்திருக்கும், கொல்லும் மருந்தில் நனைத்த பஞ்சு போட்ட பாட்டிலில் அதைப் பிடித்தேன்.

“வுட்டுடுங்க சார். குஞ்சுக்கு வூடு கட்டிக்கினு இருக்குது” என்றார் கடைக்கார அம்மா. “அதுக்காவத்தான் அந்த மூங்கில மாத்தாம வச்சிருக்கேன்.”

நான் மூடியைத் திறக்கவில்லை. அது அடங்கியதும் லென்ஸில் எண்ணினேன். நான்கு பற்கள். என் புத்தகத்தில் இரண்டு இனங்களுக்கு அது பொருந்தியது.

“பேரு இன்னா சார்?”

“தெரியலம்மா.”

“அப்ப எதுக்கு சார் கொன்னீங்க?”

மூங்கில் துளையின் வாயை எட்டிப் பார்த்தேன். அது இலைத்துண்டுகளால் கட்டிய கடைசி அறை மூடப்படாமல் இருந்தது. எறும்புகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

நாள், நேரம், பற்கள் எல்லாம் குறிப்பேட்டில் சரியாக இருக்கின்றன. அந்த மூங்கிலுக்குள் எத்தனை குஞ்சுகள் இருந்தன என்று மட்டும் நான் பார்க்கவே இல்லை.