தலைமாட்டுச் செருப்பு

ஆதரவற்றோர் இல்லத்துக்கு வந்த முதல் நாள், செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துத்தான் படுத்தேன். தெருவில் தூங்கியவர்களின் பழக்கம் அது. இல்லாவிட்டால் காலையில் வெறுங்கால்தான். "வாசல்ல அலமாரி எதுக்கு இருக்கு?" என்று வார்டன் முகம் சுளித்தார்.

அங்கே எங்களோடு தங்கி வேலை பார்த்த சிடுமூஞ்சி அக்காவும் தெருவில் வளர்ந்தவள்தான். தன் செருப்பையும் கழற்றித் தலைமாட்டில் வைத்து, என் பக்கத்தில் படுத்தாள். "அவர் கெடக்கார், நீ தூங்குடி."

அப்படியொரு தூக்கம் பிறகு வாய்க்கவே இல்லை.

இப்போது எனக்கென்று ஒரு வாடகை வீடு. போன ஞாயிறு சாப்பிட வந்த அக்கா, மதியம் படுக்கப் போகும்போது வாசலில் கிடந்த தன் செருப்பைக் கையில் எடுத்தாள். என்னைப் பார்த்தாள். அங்கேயே திரும்ப வைத்தாள்.

"காணாமப் போச்சுன்னா உன்னைத் தொலைச்சுடுவேன்" என்றவள், அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.