தொட்ட காய்

திருமுல்லைவாயிலில், ரயில் சத்தம் கேட்கும் வீட்டில் பிறந்தார் எங்கள் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலைக்குப் போய்த் தங்கைகள் எங்களைக் கரையேற்றினார். தமக்கென்று அவர் வைத்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமையும் செஸ் பலகையும்தான். எதிரே எப்போதும் பூந்தமல்லி மெத்தைக்கடை பாய். இருவருக்கும் ஒரே சட்டம்: தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும்.

கடைசி வருடத்தில் கைநடுக்கம் வந்தது. பிசைந்த சோறு வாய்க்கு வருமுன் சிதறியது. செஸ் ஆட வந்த சொந்தக்காரர்கள் இரக்கப்பட்டு வேண்டுமென்றே தோற்றார்கள். அண்ணன் கண்டுகொண்டார்.

"பாயும் விட்டுக்குடுத்தாருன்னா, இனிமே காயத் தொடமாட்டேன்" என்றார்.

பாய் வந்தார். ஆட்டம் மதியத்தையே தின்றது. எங்களுக்குப் பயம், அண்ணன் தோற்பாரோ என்று அல்ல, பாய் தோற்றுக்கொடுத்துவிடுவாரோ என்று. கடைசியில் இருவருக்கும் ராஜாவும் ஒரு யானையும். பாயிடம் மட்டும் பலகையின் ஓரத்தில் ஒரு சிப்பாய். ராஜாவை நகர்த்த அண்ணன் கை நீட்டினார். கை குலுங்கியது. விரல் யானையின் மேல் பட்டுவிட்டது.

பாய் பலகையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

"தொட்டுட்டீங்க அண்ணாத்தே. யானையத்தான் நவுத்தணும்."

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா பாய் இது! அவருக்குக் கை நடுங்குறது தெரியலியா?"

"நீ சும்மாயிரு. தொட்டேன் இல்ல?"

சொல்லும்போது அண்ணனின் முகத்தில், வெகுநாளாய் நாங்கள் காணாத வெளிச்சம். யோசித்தார், யோசித்தார், பிறகு தன் யானையைப் பாயின் யானைக்கு நேரே வைத்தார். சிப்பாய் ராணியாகிவிடும் என்று நம்பிப் பாய் வெட்டினார். அண்ணனும் பதிலுக்கு வெட்டினார். சிப்பாய் ஓட, அண்ணனின் ராஜா ஒரு கட்டம் முந்திப்போய் மூலையைப் பிடித்தது. பாய் நெருக்கிப் பார்த்தார். ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. டிரா.

"இன்னா பாய், பயந்துட்டியா?" என்றார் அண்ணன்.

"எஞ் சட்டையப் பாருங்க, வேர்வையில நனைஞ்சிகினு கீது!"

அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த ஞாயிறும் ஆடினார். காய் எடுக்க முடிந்தவரை ஆடினார்.

ஊட்டிவிட்ட அண்ணிக்கும், மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கி ஆவடி மருத்துவமனைக்குக் கொண்டுபோன பக்கத்து பிளாட்காரர்களுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

பாய், உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் அண்ணனுக்காகப் பயந்தோம். அவரைப் பார்த்துப் பயந்தவர் நீங்கள் ஒருவர்தான்.