‘ஆனா’வுக்குப் பிறகு

கடலோர ஊரான இனயத்தின் கத்தோலிக்கக் கோயிலில் சாமியாருக்கு உதவும் உபதேசியாராக இருந்த கிளீட்டஸ், அதற்கு முன் ஒரு சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாக இருந்தவர். மூத்த சமையல்காரர் ஸ்பானியர், அதிகாரிகள் ஆங்கிலேயர். உப்பு, மீன், கத்தி என்று கைக்கு அகப்படும் பொருள்களின் பெயர்களை இரு மொழியிலும் சீக்கிரம் படித்துக்கொண்டார். அவற்றை இணைக்கும் சின்னச் சொற்கள்தாம் பிடிபடவில்லை. அவற்றை விரலால் சுட்டிக்காட்ட முடியாதே. தமிழில் ‘உப்பும் மிளகும்’ என்று இரண்டிலும் ‘உம்’ ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் நடுவே ஓர் ‘அண்ட்’ போதும். ஸ்பானியத்தில் ஓர் ‘இ’. அதே இடத்தில் ‘ஓ’ வந்தால் இரண்டில் ஒன்று மட்டும். அது தெரியாமல் காடியையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்து ஊற்றியதில் ஒருநாள் குழம்பு முழுவதும் கடலுக்குப் போயிற்று. அதன்பின் இணைப்புச் சொல்லையே முதலில் கேட்கப் பழகினார். ‘ஆனால்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பட்’ என்றோ ஸ்பானியத்தில் ‘பெரோ’ என்றோ காதில் விழுந்தால் கை தானாக நின்றுவிடும். முக்கியமானது இனிமேல்தான் வரும்.

1951இல் இனயத்துக்கு வந்த சாமியார் ஸ்பானியர். தமிழ் அவருக்கு வசப்படவில்லை. கல்யாணத்தை ஊருக்கு அறிவிக்கும் ஓலையைக் கோயிலில் வாசிக்குமுன் அவர் பெண்ணிடம் சம்மதம் கேட்பார், கிளீட்டஸ் மொழிபெயர்ப்பார். அன்று வந்தவள் எலிசா, கிளீட்டஸின் மைத்துனர் ஏசுஅடிமையின் மகள். மாப்பிள்ளைக்கு ஊர் விழிஞ்ஞம்.

“சம்மதந்தான், ஆனா...” என்று நிறுத்தினாள் எலிசா.

வாசலில் நின்ற ஏசுஅடிமை தலையை நீட்டினார். “மச்சான், சம்மதம்னு சொல்லியாச்சுல்லா? பொறவு உள்ளத விடும். பிள்ளைக்கு நாணம்.”

“சி, பெரோ...” என்று ‘ஆமாம், ஆனால்’ வரை ஸ்பானியத்தில் சொன்ன கிளீட்டஸ், அவள் நிறுத்திய இடத்திலேயே தாமும் நிறுத்தினார்.

சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். “பெரோ?”

“சாமி கேக்காரு மக்கா. சொல்லு.”

“அம்மை பாயோட கெடக்கா மாமா. நான் விழிஞ்ஞம் போனா அவளுக்கு ஆரு கஞ்சி குடுப்பா? அவரு இஞ்ச வந்து தாமசிச்சா சம்மதம். அப்பாக்கிட்ட எத்தன மட்டம் சொன்னேன்!”

மாப்பிள்ளையைக் கேட்காமல் ஓலை வாசிப்பதில்லை என்று சாமியார் சொல்லிவிட்டார்.

“சம்பந்தம் முறிஞ்சா இனி என் வீட்டுப் படி ஏறாதயும்,” என்றார் ஏசுஅடிமை கிளீட்டஸிடம்.

மாப்பிள்ளை பதில் சொல்லச் சில நாள் எடுத்துக்கொண்டான். பிறகு வலையோடு இனயத்துக்கே வந்துசேர்ந்தான். அவனுடைய தாயாருக்குத்தான் மனத்தாங்கல்.

கல்யாண விருந்துவரை ஏசுஅடிமை மைத்துனரிடம் பேசவில்லை. மீன்குழம்பை ஊற்றும்போதுதான் வாய் திறந்தார். “எப்பிடி இருக்கு? இதுக்கும் ஒரு ‘ஆனா’ வச்சிருப்பீரே!”

“நல்லா இருக்கு மச்சான். ஆனா...”

ஏசுஅடிமை கரண்டியைத் தாழ்த்திக்கொண்டு காத்து நின்றார்.